இஜ்ஜா பல் பிடுங்க விடாத பாம்பு

இஜ்ஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கை போகும், பிறகுதான் வாய் திறக்கும். தாரூதந்த் என்ற கோட்டை ஊரில், அசராக் சதுக்கத்தை ஒட்டிய சந்துகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கல்யாணமான புதிதில், ரொட்டி தீய்ந்துவிட்டதென்று புருஷன் பெலயீத் அவளை ஓர் அறை விட்டான். அவள் திருப்பி அடிக்கவில்லை. அவன் சதுக்கத்தில் ஆட்டுகிற விரியன் இருந்த கூடையை எடுத்து வந்து, அவன் படுத்திருந்த பாயில் கவிழ்த்தாள். வெளியே வந்து கதவைத் தாழிட்டாள்.

"இஜ்ஜா, விளையாடாதே. கதவைத் திற."

"மன்னிப்புக் கேளு."

"யார்கிட்ட? உன்கிட்டயா, இதுகிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான். தூங்கிட்டிருந்ததை எழுப்பியிருக்கேன்ல."

பெலயீத் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகு அவன் அவளைத் தொட்டு அடித்ததில்லை. அவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள்.

அந்த விரியன்தான் கடைசியில் அவனைக் கொன்றது. சதுக்கத்தில் பாம்பாட்டுகிறவர்கள் இடுக்கியால் நச்சுப்பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் பாம்பைக் கழுத்தில் போடுவார்கள். பிடுங்கிய பல்லுக்குப் பின்னால் இன்னொரு பல் காத்திருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும், பிடுங்கியாகிவிட்டதே என்ற தைரியத்தில் கை கொஞ்சம் அசட்டையாகிவிடும். பெலயீத்தின் கையும் அப்படித்தான் ஆனது. தோள் வரை கறுத்து, வீங்கி, தோல் வெடித்து, வெளியூர்ச் சந்தையிலிருந்து திரும்பும் லாரியிலேயே அவன் இறந்தான். இஜ்ஜா விரியனை ஒன்றும் செய்யவில்லை. இடுக்கியை எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டாள்.

"இனிமே இந்த வீட்டுல பல் பிடுங்கின பாம்பு கிடையாது" என்று கொழுந்தன் பூஜ்மாவிடம் சொன்னாள். "பல்லு இருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் கையை ஒழுங்கா வச்சுப்பான்."

"அப்ப நான் செத்தா?"

"செத்தா உன் கை ஒழுங்கா இல்லேன்னு அர்த்தம்."

பெண்கள் சதுக்கத்தில் கூட்டம் சுற்றி நிற்கும் வட்டத்துக்குள் போய்ப் பாம்பாட்டுவதில்லை. பிடிப்பதும், தீனி போடுவதும், தோலுரிக்கும்போது ஈரத்துணி போர்த்துவதும் இஜ்ஜா. வட்டத்தில் உட்காருவது பூஜ்மா. இஜ்ஜா வறண்ட மலைப்பக்கத்துப் பாம்புபிடிகாரன் மகள். அப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. வளைக்குள் கை விடக் கற்றபோது அவளுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை.

பெலயீத் போன அடுத்த வசந்தத்தில், முள் நிறைந்த ஆர்கான் மரங்களுக்கு நடுவே ஒரு கற்குவியலில் அவள் தனியாகப் பிடித்த கருநாகம்தான் திஸ்லித். திஸ்லித் என்றால் மணப்பெண். மேலெல்லாம் பளபளவென்று கறுப்பு, அடியில் வெண்கல நிறம். எழுந்தால் உட்கார்ந்திருக்கும் ஆளின் நெற்றிக்கு நிற்கும். பூஜ்மா அதைப் பார்த்து நடுங்கினான். நடுக்கத்திலேயே நல்ல பாம்பாட்டி ஆனான். அவன் எதிரில் இருப்பது பல்லுள்ள பாம்பு என்று தெரிந்த கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இஜ்ஜா மசாலாக் கடைப் படியில் நின்று பார்ப்பாள். பாம்பு படம் விரிக்கும் நேரத்தில் அவளும் தோளை நிமிர்த்திக்கொள்வாள்.

சதுக்கத்தின் மறுபக்கத்தில் ரஹ்ஹால் உட்காருவான். குழல் ஊதுவதில் அவனுக்கு நிகர் அந்த மாகாணத்திலேயே இல்லை. பாம்பு விஷயத்தில் கசாப்புக்காரன். பல்லைப் பிடுங்குவான், அதோடு உதட்டையும் நூலால் தைத்துவிடுவான், நாக்கு வர மட்டும் ஒரு சிறு துளை விட்டு. தின்ன முடியாமல், வாயில் சீழ் வைத்து, அவன் பாம்புகள் வெகுசீக்கிரம் சாகும். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வான். இஜ்ஜா ஒருமுறை அவன் குப்பையில் கிடந்த பாம்பின் வாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதை அப்படியே கொண்டுபோய் அவன் தேநீர்த் தட்டில் வைத்தாள்.

"உன் விருந்தாளி பட்டினியா கிடந்தாரு. குடு, அவருக்கும் ஒரு கிளாஸ்."

"உன் மணப்பெண்ணுக்கு ஒருநாள் நான் மாப்பிள்ளை பார்க்கிறேன் பாரு" என்றான் ரஹ்ஹால். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த வருஷம் திஸ்லித்தின் பழைய பெட்டி உடைந்தது. இஜ்ஜா தச்சனிடம் புதிதாக ஒன்று செய்து வாங்கினாள். புதுப் பெட்டிக்கு எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். மரத்தைச் சட்டியில் மூடிச் சுட்டு வடிக்கிற கறுப்பு மரத்தாரை உள்ளே மூலைக்கு மூலை பூசினாள். அங்கே அது இல்லாத வீடு கிடையாது. தண்ணீர்ப் பானைக்குள் ஒரு சொட்டு விடுவார்கள், ஆட்டின் புண்ணில் தடவுவார்கள், பிள்ளைக்குக் கண் படாமலிருக்க வாசலில் பூசுவார்கள். பூச்சி அண்டாது, கண்ணும் அண்டாது.

சில நாள் கழித்துத் திஸ்லித் தீனியாகப் போட்ட தேரையைத் தொடவில்லை. தோலுரிக்கப் போகிறது போலும் என்று இஜ்ஜா நினைத்தாள். பிறகு ஒரு சந்தை நாளில் பூஜ்மா வட்டத்துக்கு நடுவே பெட்டியைத் திறந்தான். தப்பட்டை அதிர்ந்தது. திஸ்லித் எழுந்தது. ஆனால் எதிரில் இருந்த பூஜ்மாவைப் பார்க்கவில்லை. தலை மேலே மேலே போய், பின்பக்கமாக வளைந்து, துணியைப் பிழிந்தாற்போல் கழுத்து முறுக்கிக்கொண்டது. அப்படியே மல்லாந்து விழுந்தது. வெண்கல நிற வயிறு வெயிலில் தெரிய, வாய் திறந்தபடி, ஒன்றுமில்லாத காற்றைக் கொத்தியது.

"மணப்பெண்ணுக்கு ராத்திரி தூக்கமில்ல போலிருக்கு" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ரஹ்ஹால் கத்தினான். கூட்டம் சிரித்துக் கலைந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் இஜ்ஜா பூஜ்மாவின் கழுத்துத் துணியைப் பிடித்துச் சுவரில் மோதினாள்.

"என்ன குடுத்த அதுக்கு?"

"ஒண்ணும் குடுக்கல மதினி."

"பல்லைத் தொட்டியா? பயந்தாங்கொள்ளி, இடுக்கி வச்சியா?" இரண்டாம் முறை மோதியதில் அவன் மூக்கு உடைந்து ரத்தம் மீசையில் வழிந்தது.

"நீயே திறந்து பாரு! என்னை ஏன் கொல்லுற?"

அவள் பாம்பின் தலையைக் கவைக்குச்சியால் அழுத்தி, இறகுத் தண்டால் வாயைத் திறந்து பார்த்தாள். இரண்டு பல்லும் முழுசாக இருந்தன. ஈறு சிவப்பாக, சுத்தமாக இருந்தது. செதில்களுக்கு நடுவே உண்ணி இல்லை. வயிற்றைத் தடவினாள், கட்டி இல்லை. எங்கும் ஒன்றுமில்லை. ஆனால் கைக்குள் அந்த உடம்பு நின்று நின்று உதறிக்கொண்டிருந்தது.

பூஜ்மா மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"கண்ணா இருக்கும் மதினி" என்றான். "போன மாசம் ரஹ்ஹால் நம்ம வட்டத்துக்கிட்ட வந்து நின்னான்ல? 'பாம்பா இது, மினாரா மாதிரில்ல நிக்குது'ன்னான். தபாரகல்லா சொல்லல. நான் காதால கேட்டேன்."

ஒன்றைப் புகழ்ந்துவிட்டு, ஆண்டவனை வாழ்த்தும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் போவது அங்கே கல்லெறிந்துவிட்டுப் போவதற்குச் சமம். இஜ்ஜா பெட்டிக்குள் இன்னொரு பூச்சு மரத்தார் பூசினாள். பாம்பின் படத்தில், பின்பக்கம், விரலால் ஒரு பொட்டு வைத்தாள். மூடியைச் சாத்தி, காற்றோட்டத் துளைகளின் விளிம்பிலும் தடவினாள், கண் அந்த வழியாக நுழைந்துவிடக் கூடாதென்று.

மறுநாள் திஸ்லித்தால் தலையைத் தூக்க முடியவில்லை. அவள் இன்னும் பூசினாள். அதற்கும் மறுநாள் வாயோரம் நுரை தெரிந்தது. இன்னும் பூசினாள். அவள் கைகள் மணிக்கட்டு வரை கறுத்துப்போயின. ரொட்டி பிசைந்தால் ரொட்டியில் அந்த வாசம் வந்தது. பூஜ்மா தின்னாமல் தட்டைத் தள்ளினான். அவள் அந்தத் தட்டை அவன் மேலேயே எறிந்தாள்.

கண்ணுக்குக் கடைசி மருந்து ஒன்று உண்டு. கண் வைத்தவன் உடுப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து, நோயாளிக்கு அடியில் புகைக்க வேண்டும். கேட்டால் எவனும் கொடுக்க மாட்டான். கொடுத்தால், ஆமாம் என் கண்தான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இஜ்ஜா முதலில் கேட்டுத்தான் பார்த்தாள். பட்டப்பகலில், மசாலா இடிக்கும் பித்தளை உலக்கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ரஹ்ஹால் வீட்டு முற்றத்துக்குப் போனாள். அவன் குழலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி யம்னா திரிகைக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணெய்க்காக ஆர்கான் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் அங்கியில ஒரு நூல் குடு ரஹ்ஹால்."

"எதுக்கு, என் ஞாபகமா வச்சுக்கவா? கேட்டியா யம்னா, விதவைக்கு என் மேல ஆசை வந்திருச்சு."

யம்னா திரிகையை நிறுத்தாமல் சிரித்தாள். "முழு ஆளையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு. குறட்டை தாங்கல."

"பாம்பு சாகக் கிடக்கு" என்றாள் இஜ்ஜா.

"சாகட்டுமே. பாம்பு சாகும். என்னோடதெல்லாம் மாசாமாசம் சாகுது, நான் உன் வீட்டுக்கு நூல் கேட்டா வரேன்?"

"நூலைக் குடு."

"என்னைக் கண்ணுக்காரன்னு ஊரெல்லாம் சொல்லவா? நாளைக்கு எவன் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னை ஊதக் கூப்பிடுவான்? போ, போ. அந்தப் பாம்பை விறகுல போட்டு..."

அவன் முடிக்கவில்லை. அவள் அவன் அங்கியின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். அவன் எழுந்து அவள் காதைப் பிடித்தான். வெள்ளித் தோடு காதுமடலைக் கிழித்துக்கொண்டு அவன் கையோடு வந்தது. அவள் அலறவில்லை. உலக்கையை ஓங்கினாள். தலையைக் காக்க அவன் வலது கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம், காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போல, முற்றம் முழுக்கக் கேட்டது. அவன் விழுந்தான். விழுந்தவன் தோளில் இன்னோர் அடி. யம்னா ஓடி வந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுப்பதற்குள், இஜ்ஜா அங்கியிலிருந்து ஒரு சாண் துணியைக் கிழித்துப் பல்லில் கவ்வியிருந்தாள். யம்னாவின் கையில் ஒரு கொத்து முடியை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கழுத்து வழியாக ரத்தம் ஓட, அந்தத் துணியைக் கரியில் போட்டு, பெட்டிக்கு அடியில் வைத்துப் புகைத்தாள். பெட்டி சூடாகிப் பூச்சு உருகி நாறியது. உள்ளே திஸ்லித் பலகையில் மோதுகிற சத்தம் கேட்டது. கண் இறங்குகிறது என்று நினைத்தாள். சத்தம் நின்றதும் திறந்தாள். பாம்பு முறுக்கிய கயிறாகக் கிடந்தது. வாய் பிளந்திருந்தது. வெகுநேரத்துக்கு ஒருமுறை விலாப்பக்கங்கள் ஏறி இறங்கின.

"முடிஞ்சது மதினி" என்றான் பூஜ்மா.

"வாயை மூடு."

கோட்டைச் சுவருக்கு வெளியே, வண்டிக் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கிற கொட்டகை ஒன்று இருந்தது. பாம்பைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினாள். இத்தோ என்ற பெண் டாக்டர் ஒரு கழுதையின் குளம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். மலைக்காரி, பேச்சில் எலுமிச்சைப் புளிப்பு.

"காது கிழிஞ்சிருக்கே. நான் மனுஷங்களுக்குப் பார்க்கிறதில்லம்மா."

"காது எனக்கு வேண்டாம். இதைப் பாரு."

கூடையைத் திறந்ததும் டாக்டர் பின்வாங்கினாள். பாம்பைக் கண்டல்ல. மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மரத்தாரா இது? எவ்வளவு பூசின?"

"கண்ணுக்கு. பெட்டியில. கொஞ்சம் அது மேலயும்."

"கொஞ்சமா? உன் கையைப் பாரு, கொல்லன் கை மாதிரி இருக்கு. குளம்புக்கு நானே இதைத் தடவுறேன், சரி. ஆனா பூனை நக்கினா பூனை செத்துரும். மூடின பெட்டிக்குள்ள ராப்பகலா இதையே மூச்சா இழுத்தா, இவ்வளவு சின்ன நுரையீரலுக்கு என்ன ஆகும்?"

"பூசறதுக்கு முன்னாலயே சீக்கு வந்திருச்சு."

"பெட்டி எப்ப வாங்கின?"

புதுப் பெட்டியில் பூசிய முதல் பூச்சு இஜ்ஜாவுக்கு நினைவு வந்தது. நின்ற இடத்திலேயே கழுதையின் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பாம்புக்கு நான் படிக்கல" என்றாள் டாக்டர், குரலைத் தணித்து. "வேற நோயாவும் இருக்கலாம், சத்தியமா எனக்குத் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணியில கழுவு. மண்பானையில மணல் போட்டு, பானை வாயைத் துணியால கட்டி, காத்துபடற இடத்துல வை. எதையும் புகைக்காதே, எதையும் பூசாதே. சும்மா விடு. உன்னால முடியுமா, சும்மா விட?"

வீட்டுக்கு வந்து, பாம்பைக் கழுவி, பானையில் விட்டாள். பிறகு கோடாரியை எடுத்தாள். புதுப் பெட்டியைப் பலகை பலகையாகப் பிளந்தாள். பலகை தீர்ந்த பிறகும் தரையைக் கொத்திக்கொண்டிருந்தாள். பூஜ்மா வாசலுக்கு வெளியே நின்றபடி, "மதினி, வீடு விழுந்திரும்" என்றான்.

"அவன் கண்ணு இல்லடா. நான்தான்."

"எது?"

"நான்தான் அதைக் கொல்லப் பார்த்தேன். அவன் கையை வேற ஒடிச்சிட்டேன்."

சும்மா விடுவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பானையைத் திறக்கக் கை துடிக்கும். துவைக்கிற கல்லைப் போய்க் குத்துவாள். ஆனால் விட்டாள். திஸ்லித்தின் உதறல் மெல்ல மெல்ல நின்றது. வாய் மூடியது. ஒருநாள் பானைக்குள் போட்ட தேரை காணாமல் போயிருந்தது. இஜ்ஜா பானையைக் கட்டிக்கொண்டு, பூஜ்மா பார்க்காதபோது அழுதாள். தலை மட்டும் நேராகவில்லை. எழுந்து நின்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரோ கூப்பிடுவதைக் கேட்பது போல நிற்கும்.

ரஹ்ஹாலுக்கு அவள் சர்க்கரைக் கூம்பு ஒன்று அனுப்பினாள், மன்னிப்புக்கு அடையாளமாக. அது சுக்குநூறாக, அவள் சுற்றி அனுப்பிய அதே நீலக் காகிதத்தில் திரும்பி வந்தது. இவர்கள் கூட்டத்தில் அடிதடியைப் போலீசுக்குக் கொண்டுபோவதில்லை. ஆண்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். இஜ்ஜாவின் சார்பில் பூஜ்மாதான் போய் உட்கார்ந்தான். திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"எலும்பு கோணலா ஒட்டிருச்சாம். விரல் மடங்கல. இனி குழல் ஊத முடியாது." வாசல் பக்கம் நகர்ந்துகொண்டான். "பாம்பைக் கேக்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் ஒப்படைக்கணும். நான் சத்தியம் பண்ணிட்டேன்."

"யார் பாம்பு மேல நீ சத்தியம் பண்ணின?"

"அடிக்கிறதுன்னா அடி மதினி. அவன் பிழைக்க ஒரு வழி வேணும்ல? நாம எடுத்ததுக்கு நாமதான குடுக்கணும்?"

இஜ்ஜா அவனை அடிக்கவில்லை. அவன் சொன்னது நியாயம். ஆனால் இடுக்கி எப்படி உள்ளே போகும், எப்படித் திருகும், எந்தத் துளை வழியாக நாக்கு வந்து போகும் என்று அவளுக்குத் தெரியும். சாய்ந்த தலையோடு, தைத்த வாயோடு, வெயிலில்.

வியாழக்கிழமை காலை பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆர்கான் தோப்புக்கு நடந்தாள். வழியில் ஆட்டுக்காரர்கள் தண்ணீர் கேட்டார்கள். "பானையில தண்ணி இல்ல, பாம்பு இருக்கு" என்றாள். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். கற்குவியல் ஒன்றின் முன்னால் பானையைச் சாய்த்தாள். திஸ்லித் வெளியே வந்தது. அவள் பக்கமாக ஒருமுறை படம் விரித்து, கோணலாக எழுந்து, கொத்த வந்தது. குறி தவறி, பானை விளிம்பில் பல் பட்டு நஞ்சு வழிந்தது.

"அப்படித்தான். யாரையும் கிட்ட விடாதே" என்றாள் இஜ்ஜா.

அது கல்லிடுக்கில் நுழைந்து வால்நுனி மறையும் வரை நின்றாள். அங்கிருந்து நேராக ரஹ்ஹால் வீட்டுக்குப் போனாள்.

அவன் சுவரோரம் சாய்ந்திருந்தான். வலது கை மடியில் வேறொருவருடையது போலக் கிடந்தது. யம்னா திரிகையை நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமைதான சொன்னாங்க?" என்றான் அவன். "பாம்பு எங்க?"

"விட்டுட்டேன். பூஜ்மா மேல தப்பில்ல, அவனுக்குத் தெரியாது. உன் கண்ணு மேலயும் தப்பில்ல. அதைச் சதுக்கத்துல நின்னு நானே சொல்றேன்." அவள் திரிகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வலது கையின் துணியைச் சுருட்டிவிட்டு, திரிகைக் கல்லின் மேல் நீட்டி வைத்தாள். "பாம்பு பிடிக்கிற கை இதுதான். எடுத்துக்கோ."

ரஹ்ஹால் அவளைப் பார்த்தான், கையைப் பார்த்தான். மெதுவாக எழுந்து, மூலையிலிருந்த காட்டு ஒலிவத் தடியை இடது கையால் எடுத்தான். ஓங்கினான். இறக்கினான்.

"போடி இங்கேருந்து" என்றான். "எனக்கு இது வேண்டாம்."

"உனக்கு வேண்டாமா?" என்று யம்னா எழுந்தாள். "ராத்திரியெல்லாம் வலியில கத்தினப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு? நாள் முழுக்கத் திரிகை சுத்துறது யாரு? எனக்கு வேணும்."

அவள் தடியைப் பிடுங்கினாள். வருஷக்கணக்காகத் திரிகை சுற்றிய தோள். ஒரே அடி. ரஹ்ஹால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இஜ்ஜாவின் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. கல்லிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள்; அது மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. பருப்பு விழுது முழுவதும் சிந்திக் கிடந்தது.

யம்னா தடியைக் கீழே போட்டாள். மூச்சு வாங்கியது. அடித்தவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"இனி நமக்குள்ள ஒண்ணுமில்ல. போ."

இஜ்ஜா எழ முயன்றாள், முடியவில்லை. முகமெல்லாம் வேர்த்து வெளுத்திருந்தது. இடது கையால் தலைத்துணியை அவிழ்த்து நீட்டினாள்.

"ஒத்தைக் கையால கட்ட முடியல யம்னா. கட்டிவிடு."

யம்னா முழங்காலிட்டு உட்கார்ந்து, எலும்பை நேராக இழுத்து வைத்து, விறகுச் சில்லு இரண்டை இருபுறமும் கொடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

"இறுக்கிக் கட்டு" என்றாள் இஜ்ஜா, பல்லைக் கடித்துக்கொண்டு. "கோணலா ஒட்டிரப் போகுது."